யாரப் பாக்கணும் தம்பி?

என் பாட்டி தாயம்மாவின் சாவு வீட்டில் அழுதவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். கோலா பிலாவை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் இரண்டு வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, வெளியே கூடாரத்தில் வந்து உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். “தாயம்மா அந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஊசி போட வர்ற மாதிரி நடந்து காட்டுமே, ஞாபகம் இருக்கா?” அடுத்தவர் எழுந்து அந்த நடையை நடந்து காட்டுவார். சரியாக வராது. அதற்கும் ஒரு சிரிப்பு.

அப்பா மட்டும் பெட்டியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவர் பெயர் மகேந்திரன். பாட்டிக்குப் பிழைத்த ஒரே பிள்ளை. கடைசி இரண்டு வருஷமும் பாட்டிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை என்பது வந்திருந்த எல்லாருக்கும் தெரியும். “பெத்த புள்ளையவே மறந்துருச்சே, என்ன வியாதியோ” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் அவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அது வியாதி இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பாட்டி பிறந்தது புக்கிட் செராயா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஜப்பான்காரன் காலத்தில். அவள் வயிற்றில் இருந்தபோதே அவளுடைய அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மாக்காரி ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிப் பிள்ளையை வளர்த்தாள். பன்னிரண்டு வயதில் பாட்டியும் உளியை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம்தான். வாத்தியார் எப்படி மூக்கைச் சிந்துவார் என்பதை மட்டும் கற்றுக்கொண்டு வந்ததாக அவளே சொல்வாள். சொல்லிவிட்டு அந்த வாத்தியாராக மூக்கைச் சிந்தியும் காட்டுவாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய மனிதர். நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெருவில் வந்தால் அடையாளம் சொல்லிவிடுவோம்.

யாரையும் ஒரு தடவை பார்த்தால் அவளுக்குப் போதும். நடை, இருமல், வெற்றிலை துப்புகிற விதம், பேச்சுக்கு நடுவில் இடுப்புத் துணியை இழுத்துவிடுகிற பழக்கம் எல்லாம் அவள் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

பதினேழு வயதில் அவளை வீரமுத்து தாத்தாவுக்குக் கட்டிவைத்தார்கள். முதல் பிள்ளை பெண். பெயர் பூவாயி. இரண்டு வயதில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போய், டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டும், இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். பேர் பதிகிற கிராணி நிமிர்ந்து பார்க்காமலே, “முதல்ல மரம். பிள்ளைய மத்தியானம் பாத்துக்கலாம்” என்றார். பாட்டி பிள்ளையை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். மரத்தை வெட்டி, பால் எடுத்து, கொட்டிவிட்டு வந்தபோது, ஆயா பிள்ளையைத் துணியால் மூடி ஓரமாக வைத்திருந்தாள்.

பாட்டி அழுததாகத் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. எட்டு மாதம் கழித்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. நாடகம் நடக்கிற அன்று, தாத்தாவின் அரைக்கால் சட்டையையும் முழங்கால் வரை காலுறையையும் மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவள் மேடையில் ஏறினாள். முதல் வரிசை நாற்காலியில் கிராணி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரைப்போலவே கழுத்தைச் சொறிந்தாள். அவரைப்போலவே புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கிராணியும் சிரித்தார். அப்போது இவள் எதிரே யாரோ நிற்பதுபோல் ஒரு பார்வை பார்த்து, அவர் குரலில் சொன்னாள்: “முதல்ல மரம். பிள்ளைய மத்தியானம் பாத்துக்கலாம்.”

சிரிப்பு நிற்கச் சற்று நேரம் பிடித்ததாம். பின்வரிசைக்காரர்கள் புரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம்.

மறுவாரம் தாத்தாவைச் செங்குத்தான மேட்டுப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். “ஆடுனது நீ, மல ஏறுறது நானாடி?” என்று தாத்தா தினம் ஒரு அடி வைத்தார். அவர் அடிக்கும் விதத்தையும், அடித்துவிட்டுத் தன் கை வலிக்கிறதென்று ஊதிக்கொள்ளும் விதத்தையும் பாட்டி மறுநாள் குழாயடியில் பெண்களுக்கு நடித்துக் காட்டினாள். பூவாயிக்குப் பிறகு இரண்டு கரு தங்கவில்லை. நான்காவதாக அப்பா பிறந்தார். அவரைப் பள்ளிக்கூடம் போகிற வயது வரை இடுப்பை விட்டு இறக்கவில்லை என்பார்கள்.

எனக்குத் தெரிந்த பாட்டி வேறு மாதிரி. நான் பிறந்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அவள் இன்னும் குஷியாகிவிட்டாள். லயத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். மலாய்க் கிராமத்துக் கம்பத்துக்காரர் தோப்பில் ரம்புத்தான் பழம் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, பிடிபட்டால் காது கேட்காத கிழவியாக மாறிவிடுவாள். தோப்புக்காரர் மலாயில் கத்தக் கத்த, “ஆமாய்யா, புருசன் செத்து ரெண்டு வருசமாச்சு” என்று தமிழில் பதில் சொல்வாள். அவரே சலித்துப்போய் இன்னும் நாலு பழம் கொடுத்து அனுப்புவார். அப்பா லாரி ஓட்டிவிட்டுக் களைத்து வந்து எங்களை அதட்டும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவரைப்போலவே கையை ஆட்டுவாள். எங்களால் அடக்க முடியாது. சிரித்ததற்கு அடி எங்களுக்கு விழும். பாட்டி அப்போது சாமி படத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

தோட்டம் விற்கப்பட்டு, ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். கோலா பிலாப் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு நாங்கள் வந்தோம். அங்கேயும் பாட்டிக்கு ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்கள் அவளை உட்கார வைத்து, தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரைச் செய்யச் சொல்வார்கள்.

இப்போது என் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். நானும் இளங்குமரனும் செனவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நாலு வருஷப் பழக்கம். அவர்கள் சிரம்பானில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் அப்பா சிவசுப்பிரமணியம் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் பெண் கேட்க அவருக்கு மனமில்லை. மகனின் பிடிவாதத்துக்காக 2022 டிசம்பரில் மனைவியோடும் மகனோடும் வந்தார்.

அதற்கு முந்திய மாதம்தான் பாட்டி குளியலறையில் விழுந்திருந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் குளிக்கவும் கழிவறைக்குப் போகவும் ஆள் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. “நீங்க உள்ளயே படுத்திருங்க அத்த” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேச்சு நன்றாகத்தான் போனது. சிவசுப்பிரமணியம் எங்களைச் சகஜமாக்க நினைத்தாரோ என்னவோ, சொன்னார்: “என்ட அப்பாவும் தோட்டத்திலதான் இருந்தவர், ஜெலுபு பக்கம். பெரிய கிராணி. லீவுக்கு நாங்கள் அங்க போவம். ஆனா லயத்துப் பக்கம் விடமாட்டார். அங்க தண்ணி கூடக் குடிக்கப்படாது எண்டு சொல்லுவார்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா சேர்ந்து சிரித்தார். நானும்தான்.

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பையை இரண்டு விரலால் தூக்கி, விளிம்பை உற்றுப் பார்த்து, கைக்குட்டையால் ஒரு சுற்றுத் துடைத்து, ஒரு மடக்குக் குடித்தார். அவருடைய பல் செட் டக்கென்றது.

நான் பாட்டியைப் பார்த்தேன். அவள் தன் கோப்பையை எடுத்துவிட்டாள். இரண்டு விரலில் தூக்கினாள். விளிம்பைப் பார்த்தாள். முந்தானையால் ஒரு சுற்றுத் துடைத்தாள். ஒரு மடக்குக் குடித்து நாக்கால் டக்கென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அச்சு அசல் அவர் குரலில் சொன்னாள்: “லயத்துத் தண்ணி. பரவாயில்ல, குடிக்கலாம்.”

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு இளங்குமரன். புரையேறிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், சிவசுப்பிரமணியமும் என் அப்பாவும்.

மறுநாள் மத்தியானம் இளங்குமரனிடமிருந்து போனில் மூன்று வரி வந்தது. அப்பா வேண்டாம் என்கிறார், என்னால் அவரை மீற முடியாது, மன்னித்துக்கொள். வேலையிடத்தில் அவன் வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டான்.

நான் பாட்டியோடு பேசுவதை நிறுத்தினேன். அப்பா அவளைப் பார்த்துக் கத்தினார். “ஒரு நாள் வாய மூடிட்டு இருக்க முடியாதாம்மா? ஒன்னால என் மவ வாழ்க்க போச்சு.” அவள் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

லுக்குட் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருப்பதை அப்பா யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். நல்ல இடம், தமிழ்ச் சாப்பாடு, தமிழ் பேசுகிற மிஸ்ஸி. அம்மாவின் முட்டி, என் ஷிப்ட் வேலை, அவருடைய லாரி ஓட்டம் என்று காரணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தேநீர் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் அவை எதுவுமே காரணமாகியிருக்காது. அம்மா தலை குனிந்திருந்தாள். அப்பா என்னைக் கேட்டார். “நீ என்ன சொல்ற லோகு?”

“அனுப்பிடுங்க” என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இல்லம் என்று சொன்னால் பாட்டி தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அப்பா பயந்தார். அதனால் தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம், “பீடிக்கு போலாம்மா. கடல்ல கால நனச்சிட்டு வரலாம்” என்றார்.

பீடி என்று நாங்கள் சொல்லும் போர்ட் டிக்சன் கடல் என்றால் பாட்டிக்கு உயிர். தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். அவள் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். என்னைக் கூப்பிட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாகப் பேசாத நான் போய் அவள் தலையைச் சீவிப் பூ வைத்துவிட்டேன். “கோவம் போயிருச்சா?” என்றாள். “ம்” என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

காரில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். பாட்டி முன்னிருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் பாடினாள். வழி சொல்லும் போனில் ஒரு பெண் குரல் மலாயில் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டு வந்தது. பாட்டிக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. சிரம்பான் தாண்டுவதற்குள் அந்தக் குரலிலேயே, “முன்னூறு மீட்டர்ல பிசாங் கோரெங் கடை வருது, நிறுத்துடா மயேந்திரா” என்றாள். அப்பா நிறுத்தி வாழைப்பழப் பொரியல் வாங்கிக் கொடுத்தார். ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கும் ஒரு துண்டு ஊதி ஊதி ஊட்டிவிட்டாள். பின்னிருக்கையில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லுக்குட்டில் கடைத்தெருவைத் தாண்டிக் கார் ஒரு சின்னப் பாதையில் திரும்பியது. இரும்புக் கதவு போட்ட ஒரு பங்களாவின் முன்னால் நின்றது. மிஸ்ஸி ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“இங்க என்னய்யா? கடல் வாசனையே காணோம்” என்றாள் பாட்டி.

“ஒரு நிமிசம்மா” என்று சொல்லிக்கொண்டே அப்பா காரின் பின்னால் போய்ச் சாமான் வைக்கும் கதவைத் திறந்தார். பாட்டி தடியை ஊன்றி இறங்கி அவர் பின்னாலேயே போனாள். உள்ளே அவளுடைய துணிப்பை இருந்தது. மருந்துப் பெட்டி, பழைய போர்வை, பூப்போட்ட உறை போட்ட அவளுடைய தலையணை.

அவள் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள்.

“கடலுக்குத் தலவாணி எதுக்குய்யா?” என்றாள்.

அப்பா துணிப்பையை வெளியே எடுத்தார். பாட்டி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் தலையணையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். சக்கர நாற்காலியில் உட்காரவில்லை. தடியை ஊன்றி, ஒவ்வோர் அடியாக வைத்து, உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் வரவேண்டாம், பழகட்டும் என்று இல்லத்தில் சொன்னார்கள். மூன்றாவது ஞாயிறு அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மங்கம்மா என்ற பக்கத்துக் கட்டில்காரிக்கு மிஸ்ஸியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மங்கம்மா படுத்த படுக்கையானவள். சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தாள்.

பாட்டி அம்மாவைப் பார்த்ததும், “வாம்மா, முட்டி எப்படி இருக்கு?” என்றாள். என்னைப் பார்த்து, “எளச்சிட்டியேடி லோகு” என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். முகம் மரியாதையாக மாறியது. சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க. யாரப் பாக்கணும் தம்பி?”

அப்பா சிரித்தார். “போதும்மா.”

“தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்குக் கண்ணு கொஞ்சம் மட்டம். ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?”

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஐந்து நிமிஷம் கழித்தும் அவள் மாறவில்லை. அரை மணி நேரம் கழித்தும் மாறவில்லை. கிளம்பும்போது அப்பா அவள் காலைத் தொட்டார். அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டு, “ஐயோ, பெரிய எடத்துப் புள்ள மாதிரி இருக்கீங்க, எங்கால போய்த் தொடுறீங்களே” என்றாள்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். டாக்டரை வரவழைத்தார்கள். தேதி கேட்டார், மருமகள் பெயர் கேட்டார், தோட்டத்தின் பெயர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்பாவைக் காட்டி, இது யார் என்றார். “தெரியலீங்களே. வாரா வாரம் வருது, பாவம்” என்றாள். வயதானவர்களுக்கு ஞாபகம் இப்படி ஓட்டை ஓட்டையாகவும் போகலாம் என்றார் டாக்டர்.

அப்பா விடவில்லை. ஞாயிறு தவறாமல் போனார். சின்ன வயதுப் படங்களை எடுத்துக்கொண்டு போனார். அவளுக்குப் பிடித்த கெம்போங் மீனைப் பொரித்துக்கொண்டு போனார். சிறு பிள்ளையில் தான் செய்த குறும்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவள் ஓர் அந்நியர் கதை சொன்னால் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்பாள். இடையிடையே “அப்படியா” என்பாள். ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டே உடைந்து அழுதுவிட்டார். பாட்டி அவர் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

“அம்மாவ ரொம்பத் தேடுறீங்க போல. அவங்க எங்க இருக்காங்க தம்பி?”

“நீதாம்மா.”

“வெளையாடாதீங்க. எனக்கும் ஒரு மவன் இருந்தான், ஒங்க வயசுதான் இருக்கும். கடலுக்குப் போலாம்னு சொல்லிட்டுப் போனவன், இன்னும் வரல.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நேரத்தில் அவள் கண் ஒரு வினாடி என் பக்கம் வந்து போனது. அவள் கண்ணை எனக்குத் தெரியும். சாமி படத்தைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்க்கிற கண் அது.

அந்த வாரமே வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். இல்லத்து மாமரத்தடியில் அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

“பாட்டி, ஒனக்கு அப்பாவத் தெரியுதுதானே?”

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். “தெரியாம? எம் புள்ளடி” என்றாள். “அவன் அன்னிக்கி மொகம் செரைக்கலன்னுகூடத் தெரியும்.”

“ஏன் பாட்டி இப்படிப் பண்ற? அப்பா செத்துப்போயிரும்.”

“நான் எத்தனையோ பேர ஆடிக் காமிச்சிருக்கேன். இதுதான் கஷ்டம். ஒன்னும் தெரியாதவ மாதிரி மொகத்த வச்சிருக்கணும். அவன் மீன் முள்ள எடுத்துக் குடுக்குறப்ப, நீ தின்னுடான்னு வாய் வரைக்கும் வந்துருது.” கீழே கிடந்த ஒரு மாவிலையைத் தடியால் தள்ளினாள். “நேரா சொல்லியிருக்கலாம்லா. அம்மா, வீட்ல வச்சிப் பாக்க முடியல, இங்க இருன்னு. இருந்திருப்பேன். பூ வச்சி, பாட்டுப் பாட விட்டு, கூட்டிட்டு வந்தீங்க பாரு.”

தப்பிக்க வழி தேடி, “நீயும்தான் என் கல்யாணத்தக் கெடுத்த” என்றேன்.

“அவன் அப்பன நான் ஆடிக் காமிச்சப்ப அவன் சிரிச்சான். மறுநாள் அதே அப்பன் பேச்சக் கேட்டு ஒன்ன வேணாம்னான். அவனுக்குக் கழுத்த நீட்டியிருப்பியா?” என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எழுந்து தடியை எடுத்துக்கொண்டவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். “அப்பன்கிட்ட நீ சொன்னன்னு வச்சிக்க, ஒன்னையும் எனக்குத் தெரியாமப் போயிரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. அது மட்டும் காரணமில்லை. பூ வைத்துவிட்டது நான். ஆனால் தண்டனை முழுவதும் அப்பாவுக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு வருஷம் போனது. அப்பா தூர ஓட்டங்களை விட்டுவிட்டார். உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் அவள் காலடியில் உட்கார்ந்து, “வீட்டுக்குப் போலாம்மா. நான் பாத்துக்குறேன், நான் குளிப்பாட்டுறேன்” என்று கெஞ்சினார். மனதாரத்தான் சொன்னார். அம்மாவும் சம்மதித்திருந்தாள். அறையைக்கூடத் தயாராக வைத்திருந்தோம். நான் பக்கத்திலேயே நின்றேன். ஆட்டத்தை நிறுத்துவதற்கு அவளுக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

பாட்டி அவரை நெடுநேரம் பார்த்தாள்.

“முன்னபின்ன தெரியாத ஆளுகூட எப்படித் தம்பி வர்றது?” என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை என்று மிஸ்ஸி போனில் சொன்னாள். மறுவாரம் நான் கேட்டேன், ஏன் போகவில்லை என்று. “இவ்ளோ நாள் ஆடிட்டேன். இப்பப் போயி தெரியும்னு சொன்னா அவன் மொகத்த எப்படிடி பாப்பேன்?” என்றாள். அவளுக்கு வீட்டுக்கு வர ஆசையாக இருந்தது. கண்ணில் நீர் நின்றது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கடைசி வருஷத்தில் பக்கத்துக் கட்டில் மங்கம்மா இறந்துபோனாள். பாட்டி ஆளை நடித்துக் காட்டுவதையும் விட்டுவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் அந்த ஒரு ஆட்டம் நடந்தது.

2025 மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாவது நாள் காலை அப்பாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். ஆக்ஸிஜன் குழாயை நகர்த்தச் சொல்லிக் கை காட்டினாள். அப்பா குனிந்தார். நான் மனதுக்குள், சொல்லிவிடு பாட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

“தம்பி, கொஞ்சம் தண்ணி” என்றாள்.

அப்பா கரண்டியால் ஊட்டினார். இரண்டு கரண்டி குடித்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு மூச்சு நின்றபோது அந்தப் பிடியை மிஸ்ஸிதான் எடுத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அப்பா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். எதிரில் நான். அவர் மெதுவாகக் கேட்டார்.

“லோகு, நீதான் ஒங்க பாட்டிகூட நெறைய பேசுவ. எனக்கு உண்மையச் சொல்லு. கடைசியில என் கையப் புடிச்சிச்சே. அதுக்கு என்னய சுத்தமா மறந்துதான் போச்சா?”

மறந்துபோச்சுப்பா, வியாதிதானே என்று சொல்லியிருக்கலாம். அவர் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பார். ஆனால் இரண்டு வருஷமாக அந்தப் பாரம் என்னிடம் இருந்தது. அதோடு, அவள் அவரை மறக்கவே இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“மறக்கலப்பா” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமரத்தடியில் பேசியது, மீன் முள், வீட்டுக்கு வர அவள் ஆசைப்பட்டது. அப்பா அசையாமல் கேட்டார். நான் முடித்ததும் கேட்டார்.

“ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“போய் ஒரு மூணு மாசத்துல.”

“அது கால்ல உழுந்து நான் வீட்டுக்குக் கூப்புட்டப்ப, நீ பக்கத்துலதான நின்ன?”

“ஆமாப்பா.”

“தெரிஞ்சிக்கிட்டா நின்ன?”

நான் தலையாட்டினேன். அவர் எழுந்தார். குடித்து முடிக்காத தேநீரைத் தொட்டியில் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினாலும் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். பலனில்லை. நான் இப்போது செனவாங்கில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அப்பாதான். என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி, “யாரோ வந்திருக்காங்க” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் பையை வைத்துவிட்டு அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்தேன்.